பாதி வழி

"நானா கையெழுத்துப் போட்டிருக்காராம்" என்றாள் டான்சோவா. "போன வாரம்."

வழக்கறிஞர் அராபா குவான்ஸா மதியச் சாப்பாட்டின் நடுவில் இருந்தாள். பொரித்த மீனை மிளகாய்ச் சாந்தில் தொடப் போன கை அந்தரத்தில் நின்றது.

"போன வாரமா? எந்தக் கையால?"

"அதத்தான் நானும் கேக்கறேன், லாயரம்மா."

டான்சோவா சிரிக்கவில்லை. அதுவே கெட்ட சகுனம். சர்ச்சில் பாதிரியார் பிரசங்கம் செய்யும்போதுகூடச் சிரிப்பை அடக்கத் தெரியாத பெண்மணி அவள். அக்ராவில் அவள் நுழைந்த அறைகளில் எல்லாம் கோகோ வெண்ணெய் வாசம் முதலில் வரும், வளையல் சத்தம் அடுத்து வரும், சிரிப்பு மூன்றாவதாக வரும். இன்று மூன்றாவது வரவில்லை.

அசுவானோ ஊரில் கோகோ வெண்ணெய் ஆலை ஒன்று அவளுடையது. அப்பா கட்டியது. கெல்டர்மார் என்கிற வெளிநாட்டுக் கம்பெனி சத்தமில்லாமல் பங்குகளைப் பொறுக்கிச் சேர்த்து, இப்போது நூறில் நாற்பத்தாறைக் கையில் வைத்திருந்தது. டான்சோவாவிடம் நாற்பத்து மூன்று. மிச்சம் பதினொன்றும் ஒரே ஆளிடம். அசுவானோவின் அரசர், நானா அசாரே. அவர் அரியணை ஏறுவதற்கு முன்னாலேயே டான்சோவாவின் அப்பா அவர் சொந்தப் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. 'நான் இருக்கும்வரை இந்த ஆலை கை மாறாது' என்று நண்பனின் சவப்பெட்டி மேல் கை வைத்துச் சொன்னவர் நானா.

வரும் செவ்வாய்க்கிழமை, நீதிமன்ற உத்தரவின்படி பங்குதாரர் கூட்டம். டான்சோவாவை இறக்கிவிட்டு கெல்டர்மார் ஆட்களை உட்கார வைக்கும் தீர்மானம். அது நிறைவேறினால் இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றி எல்லை தாண்டிக் கொண்டுபோய்விடுவார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அந்த ஆலைதான் அடுப்பு.

இந்த நேரத்தில், நானாவின் வாக்கை கெல்டர்மாருக்கே கொடுக்கிற பதிலாள் பத்திரம் வந்திருக்கிறது.

"நானாவைக் கடைசியா யார் பார்த்தாங்க?"

"ஈஸ்டருக்கு அப்புறம் ஒருத்தரும் பார்க்கல. அரண்மனையில கேட்டா, நானா ஊருக்குப் போயிருக்கார்ங்கறாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அகான் இனத்து அரசர்கள் சாவதில்லை. ஊருக்குப் போகிறார்கள். சடங்கு முடிந்து முரசு ஒலிக்கும்வரை அந்த இன்னொரு சொல் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. அந்தக் காலத்தில் சொன்னவன் தலை போகும். இந்தக் காலத்தில் அபராதமாக ஆடுகள் போகும், குடும்ப மானம் போகும், அதைவிட முக்கியமாக, சாட்சிக் கூண்டில் ஏறி அதைச் சொல்ல ஒருத்தர்கூட வரமாட்டார். நீதிபதியும் அகான்தான்.

"நீ சொல்லேன்" என்றாள் டான்சோவா, குரலைத் தாழ்த்தி. "கோட்டும் விக்கும் போட்டுக்கிட்டுச் சொன்னா பாவம் ஒட்டாதுல்ல?"

"சொல்றேன்னே வச்சுக்கோங்க அக்கா. பத்திரம் செல்லாமப் போகும், சரி. ஊருக்குப் போனவரோட பங்கும் வாரிசு முடிவாகற வரைக்கும் அப்படியே உறைஞ்சிடும். யாரும் அதை வச்சு வாக்குப் போட முடியாது. அப்ப அவங்க நாப்பத்தாறு, நீங்க நாப்பத்து மூணு. அப்பவும் தோல்விதான். நமக்கு நானா இல்லாமப் போனாப் பத்தாது. நானா நேர்ல வந்து நம்ம பக்கம் சொல்லணும்."

"அப்ப கூப்பிடு."

"யாரை?"

"நானாவைத்தான். நல்லா இருக்கார், கல்லு மாதிரி இருக்கார்னு அவங்க வக்கீல் எகோ பாண்ட்ஸி கோர்ட்ல சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கான்ல? நல்லா இருக்கறவரைக் கூப்பிட்டா என்ன தப்பு?"

அராபா மெதுவாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். பங்குதாரர் நேரில் வந்துவிட்டால் பதிலாள் பத்திரம் வெறும் காகிதம். வர மறுத்தால், ஏன் என்று நீதிபதி கேட்பார். அதற்கு அரண்மனையால் பதில் சொல்ல முடியாது. கூட்டம் தள்ளிப்போகும். கம்பெனி வழக்கில் தள்ளிப்போன கூட்டம் பாதி ஜெயித்த கூட்டம்.

"அக்கா, நீங்க தப்பான தொழிலுக்குப் போயிட்டீங்க."

இப்போது டான்சோவா சிரித்தாள். எழுந்து தோள்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"சரி, வழி கேட்டுக்கறேன்."

"பாதி தர்றேன்" என்றாள் அராபா. "மீதி என்கிட்டயே இருக்கட்டும்."

விருந்தாளி வழி கேட்காமல் கிளம்பக்கூடாது. கேட்டால் பாதிதான் கொடுப்பார்கள், மறுபடி வரவேண்டும் என்பதற்காக. முழு வழி கிடைப்பது ஒரே வகை ஆட்களுக்குத்தான். திரும்பி வரவே கூடாதவர்களுக்கு.

*

எகோ பாண்ட்ஸி தொலைபேசியில் வந்தார். கெல்டர்மாரின் வழக்கறிஞர். லண்டனில் படித்து, லண்டனில் தைத்த கோட்டோடு திரும்பியவர்.

"தங்கச்சி, அழைப்பு வந்துச்சு. என்ன விளையாட்டு இது?"

"மரியாதைண்ணே. அரசரைக் கூப்பிடாம கூட்டம் போடலாமா? நம்மூர்ல வளர்ந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"நக்கலா? நான் ஒச்சியாமே ஃபோர்ஜோகிட்ட பேசிட்டேன். நானாவோட வாயே அவர்தானே. நானா வர்றாராம்."

அராபாவின் சிரிப்பு நின்றுபோனது.

"வர்றாரா?"

"வர்றார். ஏன், வேண்டாமா?"

ஃபோனை வைத்த பிறகும் அவள் காதில் அந்த 'வர்றார்' ஒலித்துக்கொண்டிருந்தது. தடையை எதிர்பார்த்துக் கதவைத் தள்ளினால் கதவு தானாகத் திறந்ததுபோல் இருந்தது.

*

செவ்வாய்க்கிழமை காலை, கடற்கரை ஓட்டலின் பெரிய ஹால். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

முதலில் குடை தெரிந்தது. கருஞ்சிவப்புப் பட்டுக் குடை, கதவுக்குள் சாய்ந்து நுழைந்து நிமிர்ந்தது. அதன் கீழே நால்வர் சுமந்து வந்த நாற்காலி. நாற்காலியில் நானா அசாரே.

உடல் முழுக்க நெய்த துணி. கழுத்தில் தடித்த பொன்மணிகள். கறுப்புக் கண்ணாடி. நெற்றிப் பட்டையிலிருந்து மணிச்சரங்கள் முகத்தின்மேல் தொங்கின. பாதங்களில் அகன்ற அரசச் செருப்பு. அந்தப் பாதம் தரையில் படக்கூடாது என்பதால் நாற்காலியை ஆட்டுத்தோல்மேல் இறக்கினார்கள்.

ஹாலில் இருந்தவர்கள் எழுந்து தோள்துணியை இறக்கினார்கள். கெல்டர்மாரின் வெள்ளைக்கார மேலாளர் கை குலுக்கப் போனார். பாண்ட்ஸி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

எலுமிச்சை வாசம் அடித்தது. எலுமிச்சைக்கு அடியில் ஜின். அதற்கும் அடியில் வேறொன்று.

அழைத்தவள் என்ற முறையில் அராபாதான் பானம் வைக்க வேண்டும். ஜின் பாட்டிலைக் கொண்டுபோய் மண்டியிட்டாள். அரசருக்கு யார் எதைக் கொடுத்தாலும் முதல் மடக்கைக் குடித்துப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் உண்டு. விஷம் இருந்தால் அவன் விழுவான், அரசர் விழமாட்டார். அந்த ஆள் பாட்டிலை வாங்கினான். திறக்கவில்லை. குடிக்கவில்லை. நானாவின் காலடியில் அப்படியே வைத்துவிட்டு நகர்ந்துவிட்டான்.

அராபாவுக்குப் புரிந்துவிட்டது. இனி விஷத்துக்குப் பயப்படத் தேவையில்லாதவர் அவர்.

பின்னால் டான்சோவா அவள் தோளைத் தொட்டாள். "பார்த்தியா?"

"பார்த்தேன். பேசாம இருங்க."

நாற்காலியின் வலப்பக்கம் ஒச்சியாமே ஃபோர்ஜோ பொன்முலாம் பூசிய கோலோடு நின்றார். அரசர் சபையில் நேராகப் பேசமாட்டார். அவர் முணுமுணுப்பார், ஒச்சியாமே உரக்கச் சொல்வார். ஃபோர்ஜோவுக்கு அறுபது வயது, வழுக்கைத் தலை, எப்போதும் பாக்குப்போல எதையோ மெல்லும் வாய். இன்று மெல்லவில்லை. பாண்ட்ஸி அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

கூட்டத் தலைவர் தீர்மானத்தை வாசித்தார். கெல்டர்மார் ஆதரவு. டான்சோவா எதிர்ப்பு.

"நானா அசாரே அவர்களின் வாக்கு?"

ஃபோர்ஜோ குனிந்து மணிச்சரங்களுக்கு அருகே காதை வைத்தார். சம்பிரதாயத்துக்கு ஒரு நொடி குனிந்தால் போதும். அவர் நிமிரவில்லை. மழை கண்ணாடியில் அறைய ஆரம்பித்தது. யாரோ இருமினார்கள். இன்னும் நிமிரவில்லை.

நிமிர்ந்தபோது அவர் உதட்டில் ரத்தமில்லை.

"நானா சொல்றார்..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "'நண்பனோட பெட்டி மேல கை வச்சுச் சொன்னேன். கை இன்னும் அங்கேயேதான் இருக்கு. ஆலை டான்சோவாவுக்கு.'"

"என்னது?" பாண்ட்ஸி எழுந்துவிட்டார். "ஒச்சியாமே, சரியாக் கேட்டுச் சொல்லுங்க!"

"கேட்டுட்டேன் சார்" என்றார் ஃபோர்ஜோ. "இன்னொரு தரம் குனியச் சொல்லாதீங்க. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

ஐம்பத்து நான்குக்கு நாற்பத்தாறு. தீர்மானம் தோற்றது. டான்சோவா அராபாவைக் கட்டிக்கொண்டாள். வளையல்கள் முதுகில் குத்தின. அவள் சிரிப்பு ஹாலை நிறைத்தது. அராபாவும் சிரித்துவிட்டாள். தோற்றுப்போன வழக்கு ஒன்று கைக்குள் வந்து விழுந்த போதை அது.

அந்தப் போதையில்தான் அது நடந்தது.

"நானா வழி கேக்கறார்" என்றார் ஃபோர்ஜோ. கோல் அராபாவை நோக்கித் திரும்பியது. அழைத்தவள்தானே பதில் சொல்ல வேண்டும்.

பிறந்ததிலிருந்து ஆயிரம் முறை சொன்ன பதில். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"பாதி தர்றோம் நானா. மீதி எங்ககிட்டயே இருக்கட்டும்."

ஃபோர்ஜோவின் கையிலிருந்து கோல் நழுவித் தரையில் விழுந்தது. அவ்வளவு கனமான கோல் இல்லை அது. ஆனால் அந்தச் சத்தம் ஹாலின் கடைசி வரிசை வரை கேட்டது.

*

மறுநாள் மதியம் வரவேற்பறைப் பெண் மான்ஸா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மேடம், ஒரு பெரியவர் வந்திருந்தார். பேர் சொல்லல. உக்காந்தார், எதுவும் பேசல. தண்ணி கொடுக்கலாம்னு திரும்பினேன், ஆளைக் காணோம்."

"எப்படி இருந்தார்?"

"கறுப்புக் கண்ணாடி. பெரிய செருப்பு. தரையெல்லாம் செம்மண் மேடம், இப்பத்தான் துடைச்சேன். எலுமிச்சம்பழம் வியாபாரம் பண்றவரோ என்னமோ, அப்படி ஒரு வாசம்."

அக்ராவின் அந்தப் பகுதியில் செம்மண் கிடையாது. அசுவானோவில் உண்டு.

வியாழக்கிழமை அவர் வரவேற்பறையில் உட்காரவில்லை. அராபா நீதிமன்றத்திலிருந்து திரும்பியபோது அவள் அறையில், கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியின் மெத்தை குழிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி மெல்ல மேலேறி நிரம்பியது, இப்போதுதான் யாரோ எழுந்துபோனது போல.

திங்கட்கிழமை ஒச்சியாமே ஃபோர்ஜோ வந்தார். கோல் இல்லாமல், சாதாரணச் சட்டையில், பாதியாக இளைத்திருந்தார். டான்சோவாவும் அங்கே இருந்தாள்.

"லாயரம்மா, மீதிப் பாதியைக் குடுத்துடுங்க" என்றார், உட்காராமலே.

"என்ன ஆச்சு?"

"அவரை வச்சிருக்கற உள்ளறையைப் பூட்டிச் சாவியை இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன். விடிஞ்சு திறந்தா, அவர் செருப்புல கடல்மணல். எங்க ஊர்லேர்ந்து கடல் எவ்வளவு தூரம்னு உங்களுக்கே தெரியும். அவர் போகவும் முடியாம இருக்கவும் முடியாம நடந்துட்டே இருக்கார். சடங்கு செய்ய முடியல. முரசுல கை வச்சா தோல் கிழிஞ்சு போகுது."

"இதுக்கெல்லாம் யார் காரணம்?" டான்சோவா வெடித்தாள். "எவ்வளவு வாங்கின அவங்ககிட்ட?"

"அரண்மனைக்குப் புதுக் கூரை போட்டுத் தர்றேன்னாங்க தாயி. மழைக்கு ஒழுகுது." ஃபோர்ஜோ முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு நான் அவங்களுக்குச் சாதகமாச் சொல்லத்தான் குனிஞ்சேன். நான் சொல்லல. அவர் சொன்னார். என் காதுல மூச்சே படல, பேச்சு மட்டும் வந்துச்சு."

அராபா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்ன செய்யணும்?"

"அரண்மனை முற்றத்துல, ஊர் முன்னால நின்னு, 'முழு வழியும் தந்தோம்'னு சொல்லணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஆனால் முழு வழி யாருக்குக் கொடுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊர் முன்னால் அவள் அதைச் சொல்வது, நானா எப்போதோ போய்விட்டார் என்று அவரைக் கூட்டத்துக்கு அழைத்த வழக்கறிஞரே ஒப்புக்கொள்வதற்குச் சமம். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் மனு போட நீதிபதி அவகாசம் கொடுத்திருந்தார். நானாவின் பதினொன்று கழிந்தால் மறுபடி நாற்பத்தாறுக்கு நாற்பத்து மூன்று. முற்றத்துக் கூட்டத்தில் கெல்டர்மாரின் காது ஒன்றாவது இல்லாமலா இருக்கும்?

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லட்டும்" என்றாள் டான்சோவா. "கோர்ட் பூட்டினதும்."

"அதுவரைக்கும் தாங்காது தாயி. பாதி வழியில நிக்கறவர் அப்படியே நிக்க மாட்டார். மீதிப் பாதிக்குத் துணை தேடுவார். அந்தக் காலத்துல அரசர் தனியாப் போனதே இல்லை, உனக்குத் தெரியாததா?"

"பயமுறுத்தறியா? கூரைக்கு விலை போனவன் எனக்குப் புத்தி சொல்றியா?"

"அக்கா" என்றாள் அராபா. "நான் இன்னிக்கே போய்ச் சொல்லிடறேனே. வழக்கை வேற விதமாப் பார்த்துக்கலாம்."

டான்சோவா அவளை நேராகப் பார்த்தாள். "நீ யாரோட லாயர்? எனக்கா, அவருக்கா?"

அதற்குப் பதில் ஒன்றுதான். கட்சிக்காரர் சொன்னால் சொன்னதுதான். அராபா தலையைக் குனிந்துகொண்டாள். ஃபோர்ஜோ இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வழிகூடக் கேட்காமல் கிளம்பிப் போனார்.

டான்சோவா எழுந்தாள். கோபம் தணிந்திருந்தது. வாசலில் நின்று, "அப்பாவோட ஆலைடி அது" என்றாள், மன்னிப்புக் கேட்பதுபோல. "அங்கேதான் பொறந்தேன், தெரியுமா? கொதிகலன் பக்கத்துல. அம்மா சம்பளம் குடுத்துட்டிருந்தாளாம், வலி வந்துடுச்சாம்." சிரித்தாள். "சரி, வழி கேட்டுக்கறேன்."

"பாதி தர்றேன்" என்றாள் அராபா.

*

வெள்ளிக்கிழமை நீதிமன்ற அலுவலகம் பூட்டப்படும் வரை அராபா அதன் படிக்கட்டிலேயே நின்றாள். மனு வரவில்லை. அசுவானோவுக்கு வண்டியை விரட்டினாள். டான்சோவாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஊர் எல்லையிலேயே முரசு கேட்டது. கனமாக, சீராக, தோல் கிழியாமல்.

அரண்மனை வாசலில் ஃபோர்ஜோ கறுப்புத் துணியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் செம்மண் பூச்சு.

"வந்துட்டேன்" என்றாள் அராபா, மூச்சிரைக்க. "முழு வழியும்..."

"வேண்டாம்மா." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மதியமே போயிட்டார். துணை கிடைச்சிருச்சு."

ஆலை வாசலில் கூட்டம் நின்றது. உள்ளே, கொதிகலனுக்குப் பக்கத்து அறையில், டான்சோவா தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. மதியச் சாப்பாடு தொடப்படவில்லை. செருப்பு இரண்டும் கழற்றி வைக்கப்பட்டு, வாசலை நோக்கித் திரும்பியிருந்தன. அறை முழுக்கக் கோகோ வெண்ணெய் வாசம். அதற்கு மேலே, மிக லேசாக, எலுமிச்சை.

*

அடுத்த வாரம் பாண்ட்ஸி கூப்பிட்டார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அது ஒரு நிமிடம் நீடித்தது.

"நல்ல மனுஷி, தங்கச்சி. ஆனா என் கட்சிக்காரங்க அவசரப்படறாங்க. புதுக் கூட்டம் கூட்டியாகணும். சட்டம் உனக்கே தெரியும். நானாவோட பங்கும் உறைஞ்சாச்சு, அந்த அம்மாவோட பங்கும் உறைஞ்சாச்சு. குடும்பத்துல வாரிசு முடிவாகவே மாசக்கணக்காகும். எங்க நாப்பத்தாறு மட்டும்தான் உயிரோட இருக்கு. எதிர்ப்பே இல்லாம முடிச்சிடலாம். எந்தத் தேதி உனக்குத் தோது?"

அந்த விதியை அராபாவே சொல்லியிருந்தாள், இதே அறையில், மீனும் மிளகாய்ச் சாந்தும் தொட்ட விரலோடு. அந்த ஆலைக்காகத்தான் வெள்ளிக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் போகப்போகிறது.

கதவு திறந்தது. மான்ஸா. முகம் சுவர்போல வெளுத்திருந்தது.

"மேடம்... டான்சோவா அம்மா வெளியில உக்காந்திருக்காங்க."

"என்ன சொன்ன?"

"பேசலை. கூப்பிட்டா திரும்பலை. செருப்பு இல்லாம வந்திருக்காங்க." மான்ஸா கதவைப் பிடித்தபடியே நின்றாள். "நான் போன சனிக்கிழமை இழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தேன் மேடம். நான் பார்த்தேன்."

திறந்த கதவு வழியாகக் கோகோ வெண்ணெய் வாசம் உள்ளே வந்தது. அடுத்ததாக, வளையல் சத்தம்.

அராபாவுக்கு நினைவு வந்தது. வாசலில் நின்று வழி கேட்ட குரல். தான் கொடுத்த பதில்.

"ஹலோ? தங்கச்சி? லைன்ல இருக்கியா?" என்றார் பாண்ட்ஸி.

அவள் மறுமுனையைக் கேட்டுக்கொண்டே கதவைப் பார்த்தாள். மூன்றாவது இன்னும் வரவில்லை. வரும்.

"எந்தத் தேதின்னாலும் சரிண்ணே" என்றாள், குரல் நடுங்காமல். "என் கட்சிக்காரர் நேர்ல வருவாங்க."